கைமாற்று

லா பாஸ். மாலை ஆறேமுக்கால்.
மலை விளிம்புக் கோபுரத்தைப் பார்த்து
பள்ளம் மொத்தமும் ஒரே நேரத்தில் கத்துகிறது.
தூரத்துப் போன் இன்னும் உரக்கக் கத்துகிறது,
அதன் கூச்சலில் பக்கத்துப் பேச்சு அடிபடுகிறது.
சந்தையில் நடப்பதுதான்
அலைவரிசையிலும்.

எங்கள் யோசனை பெரிதாக ஒன்றுமில்லை.
கத்தாதே. அருகில் இருப்பவரிடம் சொல்,
அவர் மேலே சொல்வார்.
இரண்டு முணுமுணுப்பு ஒரு கூச்சலைவிட மலிவு,
மிஞ்சும் இடத்தில் இன்னும் நாலு பேர் பேசலாம்.
இருநூற்றுப் பன்னிரண்டு பேர் சம்மதம் எழுதித் தந்தார்கள்.
மஞ்சள் கேபிள் காரில் தொங்கிப் போகிறவர்கள்
போகிற போக்கில்
கீழே கிடக்கும் சொல்லைத் தூக்கிப் போனார்கள்,
தெரியாமலே.

சாத்துர்நீனா ஆபாசா
நிலையத்து வாசலில் அபி விற்பவர்:
ஊதாச் சோளக் கஞ்சி, ஆவி பறக்க.
பதினோராம் நாள் அலுவலகம் வந்து
ஏப்ரன் பையிலிருந்து போனை எடுத்து
என் மேசைமேல் வைத்தார்.
"யாரோடும் பேசவில்லை. சும்மா கிடக்கிறது.
ஆனாலும் சுடுகிறது."

திரையைத் திருப்பிக் காட்டினேன்.
நேற்று உங்கள் வழியாக முந்நூற்று நாற்பது சேதி.
"யாருடையது?"
தெரியாது. பூட்டியபடி வரும், பூட்டியபடி போகும்.
செங்கல் சூளைக் காவல்காரர் வீட்டுக்குச் சொன்னதாக இருக்கலாம்,
கேஸ் வண்டி வந்தால் நிறுத்தி வை என்று.
யாரோ யாரையோ திட்டியதாகவும் இருக்கலாம்.

"என் பேட்டரியில் ஒன்பது சதவீதம்."
கைமாற்றுதானே, என்றேன். வட்டி இல்லாதது.
நாளை நீங்கள் பள்ளத்தில் நின்றால்
இன்னொருவர் பை உங்களைத் தூக்கும்.

"கைமாற்று கேட்பவள்
என் வாசலில் வந்து நிற்பாள்.
முகம் பார்த்துத்தான் கொடுப்பேன்."

பதில் இல்லை என்னிடம்.
அணைத்துவிட்டுப் போனார்.
அன்று ஏழு மணிக்குத் திரையில்
சூளைப் பக்கம் இருண்டது
சரியாக ஒரு பெண் அளவுக்கு.

மறுநாள் நாலு மணிக்கு அந்தப் புள்ளி எரிந்தது.
எட்டுக்கு அணைந்தது.
அதற்கு அடுத்த நாளும் அப்படியே.
இறங்கிப் போய்ப் பார்த்தேன்.
கடை பல்பின் கம்பியில் சார்ஜர் தொங்கியது.
"கரண்ட் நிலையத்தார் கணக்கு," என்றார்
என் முகத்தைப் பார்க்காமல்,
கோப்பையில் அரைக் கரண்டி
கொசுறாக ஊற்றியபடி.

அறிக்கையில் எழுதினேன்:
கொள்ளளவு ஒன்றரை மடங்கு.
நம்பத்தக்க இடைநிலைக் கருவி: ஒன்று.
நாலிலிருந்து எட்டு வரை.
மழை பெய்தால் கிடையாது.