பின்கழுத்து

களியக்காவிளையில்
மீன்சந்தைக்கு இறங்கும் சரிவில் என் கடை.
அளவு நோட்டின் நடுவே ஒரு சிவப்புக் கோடு.
இந்தப் பக்கம் மார்த்தாண்டம், குழித்துறை, படந்தாலுமூடு.
அந்தப் பக்கம் பாறசாலை, இஞ்சிவிளை.
செக்போஸ்ட் எனக்கும் உண்டு.

இந்தப் பக்கத்துக்காரிகளுக்கு
பட்டுக்கரை கையில் வரணும், முட்டியைத் தொடணும்.
அந்தப் பக்கத்துக்காரிகள்
கசவு நேரியதுக்கு
கிளிப்பச்சையில் கலம்காரித் துண்டோடு வந்து
‘ஓணத்துக்கு முன்னே கிட்டணும் சேச்சி’ என்பார்கள்.
ஆவணி பிறந்தால்
நான் சோறு தின்பது நின்றுகொண்டுதான்.

மோஸ்தர் பஸ்ஸில் வருகிறது.
திருவனந்தபுரத்திலிருந்து கழுத்து,
நாகர்கோவிலிலிருந்து கை.
பஃப் கை பழசென்று
ஒரு வருஷம் முழுக்கப் பிரித்துத் தட்டையாக்கினேன்.
மறு வருஷம் அதே பெண்கள்
அதே கையைப் புதுசென்று கேட்டு வந்தார்கள்.
கத்தரிக்கு ஞாபகம் கிடையாது, நல்லவேளை.

நிம்மி பாறசாலைப் பெண்.
மாப்பிள்ளை படந்தாலுமூடு.
கல்யாண ஜாக்கெட்டுக்குப் போனில் படம் காட்டினாள்:
முதுகு முழுக்கத் திறப்பு,
குறுக்கே ஒரு கயிறு,
கயிற்று நுனியில் ஆடும் இரண்டு குஞ்சம்.
‘பத்தரை இஞ்சு. குறைக்கல்லே சேச்சி.’
கூடவே வந்திருந்தார்
மாமியாராகப் போகும் ரோஸ்லெட் டீச்சர், கணக்கு.
என் ஸ்கேலை எடுத்து
தன் பிடரிக்குப் பின்னால் செங்குத்தாய் வைத்துச் சொன்னார்:
‘மூணு. சர்ச்சுக்குள்ள ஏறணும்லா?’

பத்தரையில் மூன்று போனால்
ஏழரை.
அது வந்து என் தையல் மெஷின் மேல் உட்கார்ந்துகொண்டது.

திரைக்குப் பின்னால் என் மகள்
பரீட்சைக்குச் சத்தமாய் உருப்போட்டுக்கொண்டிருந்தாள்:
தோள்சீலைப் போராட்டம், இரண்டு மார்க்.
மூடியதற்காகச் சீலை கிழிபட்ட
சந்தைகள் இருந்த ஊர்ப்பக்கம் இது.
கடைக்குள் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.
நிம்மி போனைப் பார்த்தாள்.
டீச்சர் ஸ்கேலைப் பார்த்தார்.
நான் தரையில் கிடந்த வெட்டுத்துணியைப் பார்த்தேன்.
‘பிள்ளே, மனசுக்குள்ள படி’ என்றேன்.

பிறகு அதே பட்டில் தனியாய் ஒரு துண்டு வெட்டினேன்.
உள்விளிம்பில் ஆறு பிரஸ் பட்டன்.
ஆராதனைக்கு மூன்று,
ரிசப்ஷனுக்குப் பத்தரை.
கூலி முந்நூறு கூடுதல்.
அதையும் இரண்டு வீட்டாரும்
பாதிப் பாதியாய்த்தான் தந்தார்கள்.

நானும் போயிருந்தேன் கல்யாணத்துக்கு.
மாலை ஐந்து மணிக்கு, மணமகள் அறைக் கதவுக்குப் பின்னால்
டப், டப், டப் என்று ஆறு சத்தம்.
முறுக்கிய கயிறும் குஞ்சமுமாய் நிம்மி வெளியே வந்தபோது
முன்வரிசையில் டீச்சர்
ஐஸ்கிரீம் கப்பில் மும்முரமாய் இருந்தார்.
மூன்று தரம் நிமிர்ந்து பார்த்ததை
நான் எண்ணினேன்.

மூன்று வாரம் கழிந்து, ஒரு செவ்வாய் மதியம்,
கரண்ட் இல்லாத நேரத்தில்
டீச்சர் தனியாய் வந்தார்.
மே மாசம் ரிட்டையர்மெண்டாம்,
அன்றைக்கு உடுக்க ஒரு மைசூர் சில்க், மயில்கழுத்து நிறம்.
‘பின்கழுத்து அதே மூணுதானே டீச்சர்?’
பதில் இல்லை.
சிவப்பு பஸ் ஒன்று ஏற்றத்தில் முக்கி முனகி
எல்லை தாண்டும் வரை தெருவையே பார்த்தார்.
‘அஞ்சரை போடு.’
‘மேல மூட ஒரு துண்டு, பட்டன் வச்சு…’
‘அதெல்லாம் வேண்டாம்.’

டேப்பைப் பிடரியில் வைத்துக் கீழே இறக்கினேன்.
நாலரையாவது இஞ்சில் ஒரு மச்சம்,
உளுந்து அளவு.
மூணு இஞ்சுக் கழுத்துக்குக் கீழே
இத்தனை வருஷம் இருந்திருக்கிறது.
அது இருப்பது அவருக்கே தெரியுமோ என்னவோ.

‘என்னத்தப் பாக்க?’ என்றார் டீச்சர்.
‘ஒண்ணுமில்ல,
சாக்பீஸைத் தேடுதேன்.’