பென்சில் பதிவேடு

முதல் இரண்டு வாரத்துக்குப்
பெயர்களைப் பென்சிலால்தான் எழுதவேண்டும்.
துறை அலுவலகத்து ஞானசௌந்தரி அக்கா
வருஷா வருஷம் சொல்வது:
"பேனா வேணாம் மேடம்,
பி.எட். கெடச்சதும் பாதிப்பேர் ஓடிடுவாங்க."
சுவரில் ஒட்டிய கால அட்டவணையில்
செவ்வாய் மூன்றாம் பீரியட்
என் பெயரும் பென்சிலில்தான் இருக்கிறது.
ஆணை இன்னும் வரவில்லை.
ஏப்ரல் சம்பளமும்.

ஆறேகாலுக்கு மஞ்சக்குப்பத்தில் ஏறினேன்.
பெண்ணையாற்றுப் பாலத்தில் தூக்கம் கலையும்.
முள்ளோடையில் தமிழ்நாடு முடிந்து
பிராந்திக்கடைப் பலகைகள் ஆரம்பிக்கும்.
புதுச்சேரியில் இறங்கி வேறு பஸ்.
முத்தியால்பேட்டை தாண்டினால் மறுபடி தமிழ்நாடு,
கோட்டக்குப்பத்துப் பிரியாணி அண்டாக்கள்.
பிறகு காலாப்பட்டு நெருங்கும்போது
சொல்லாமல் கொள்ளாமல் மீண்டும் புதுச்சேரி.
வலப்பக்கம் சவுக்குக்கு அந்தப்புறம்
எதுவும் மாறாமல் கடல்.

எம்.ஏ. வரலாறு, முதலாண்டு.
பதினான்கு பெயர், ஒன்பது தலை.
மூன்று மின்விசிறியில் ஒன்றுதான் சுற்றுகிறது,
ஒன்பது பேரும் அதன் கீழே ஒரே தீவு.

லூர்து பிரான்சுவா. எஸ் மேடம்.
அஃப்ரின். உள்ளேன்.
தில்லைக்கரசி. கை மட்டும் உயர்ந்தது.
பாவாடைராயன்.
பின்னால் யாரோ சிரித்தார்கள்.
"எங்க குலசாமி பேர் மேடம்" என்றான்,
யார் சிரித்தது என்று திரும்பிப் பார்க்காமல்.
தேவனாம்பட்டினம். ராத்திரி முதுநகரில்
மீனுக்கு ஐஸ் உடைக்கும் வேலையாம்.
உள்ளங்கைத் தோல் வெளுத்துச் சுருங்கியிருந்தது,
ரொம்பநேரம் குளித்த குழந்தைக்கு ஆவதுபோல.

ஆறு வருஷமாக முதல் வகுப்புக்கு
ஒரே கேள்விதான் வைத்திருக்கிறேன்:
இந்த அறைக்கு வந்து சேர
எத்தனை எல்லை தாண்டினீர்கள்?
அஃப்ரின் விடுதி, "ஒண்ணும் இல்ல" என்றாள்.
பிரான்சுவா விரல்விட்டு இரண்டு என்றான்.
மூன்று என்று ஒரு பதில் வரும்,
கடலூர்க்காரர் யாராவது சொல்வார்கள்,
அதைப் பிடித்துக்கொண்டு
வெள்ளைக்காரன் இரண்டுபேர் கோடு கிழித்த கதைக்குள்
நான் போய்விடுவேன்.
மணி அடிக்கும்வரை அது தாங்கும்.

பாவாடைராயன் கேட்டான்:
"ரோட்டுலயா மேடம், கடல்லயா?"

ரோட்டுல மூணு என்று அவனே சொன்னான்.
கடல்ல வந்தா ஊருக்கு ஊர் உண்டு,
எந்த வலை எங்க வரைக்கும்னு
கைக்குழந்தைக்கும் தெரியும்,
பலகைதான் கிடையாது.

விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.
என் குறிப்பேட்டில் அதற்குப் பக்கம் இல்லை.
ஓரத்தில் எழுதிக்கொண்டேன்:
பலகை இல்லாத எல்லை.
அடியில் ஒரு கேள்விக்குறி,
அது எனக்கு.

வகுப்பு முடிந்து தில்லைக்கரசி நின்றாள்.
பி.எட். இரண்டாம் பட்டியலில் பெயர் வந்துவிட்டதாம்.
"சாரி மேடம்" என்றாள்,
என் காலை மிதித்துவிட்டவள் மாதிரி.
எதற்கு சாரி, போய் நல்லா படி என்றேன்.
ஞானசௌந்தரி அக்கா ரப்பர் கொடுத்தார்.
அழித்தேன்.
தாளில் பெயர் பள்ளமாய் நிற்கிறது,
விரல் வைத்தால் படிக்கலாம்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் சீட்டு கிடைத்தது.
கன்னியக்கோவில் அருகே தூறல்.
துறைத்தலைவர் ஆணை பற்றிச் சொன்ன
"வந்துடும்மா" என்ற வார்த்தையை
ஒருமுறை நம்பிப் பார்த்தேன்,
ஒருமுறை நம்பாமல்.
டிக்கெட் பின்னால் ஏதோ குறிக்கலாம் என்று
பையைத் துழாவினால் பென்சிலைக் காணோம்.
நூலகப் படிவம் நிரப்பக் கேட்டு வாங்கியவன்
காதில் செருகிக்கொண்டு போய்விட்டான்.

நாளைக்கு
அவனிடம் கேட்டு வாங்கவேண்டும்.