வார்டோ, இரவுப் பதிவேடு

சூரியன் போன இரண்டாம் நாள் நீ வந்தாய்.
வார்டோவில் அப்போது பகல் என்பது
பதினோரு மணி வாக்கில்
கடல்மேல் ஒரு நீலக் கறை, அவ்வளவுதான்.
ஆகவே உன்மேல் எனக்குப் புகாரில்லை.
இரவா பகலா என்று
ஊருக்கே தெரியாதபோது
உனக்கு மட்டும் எப்படித் தெரியும்?

இரண்டு மணி நேரம். விழிப்பு. பால்.
நாற்பது நிமிடம். விழிப்பு. காரணம் தெரியவில்லை.

கப்பல்களைப் பார்ப்பது என் வேலை.
குன்றின் மேல் ஒரு கட்டடம், அதில் ஒரு திரை,
திரையில் பச்சை முக்கோணங்களாய்
மூர்மன்ஸ்கிலிருந்து மேற்கே நகரும்
எண்ணெய்க் கப்பல்கள்.
எதுவும் நடக்காமல் இருக்கச் சம்பளம்.
அந்தப் பழக்கத்தில் உன்னையும்
ஒரு நோட்டில் குறித்தேன்:
கலம், சிக்னே. புறப்பாடு 01.10.
கரை தட்டியது 01.50.
குட்னி படித்துவிட்டுச் சிரித்தாள்,
சிரிப்பை நிறுத்தாமலே அழுதாள்.
அன்று அவள் தூங்கியது மூன்று மணி நேரம்,
அதுவும் நான்கு துண்டாக.

தூங்கும்போதும் நீ சும்மா இருந்ததில்லை.
இமைக்குள் விழி ஓடும்.
உதடு காற்றைச் சப்பும்.
யாரையோ பார்த்துப் புன்னகை,
அடுத்த நொடி அவரோடேயே சண்டை.
வந்து ஐந்து வாரம்தான் ஆகிறது.
கனவுக்கு அதற்குள்
என்ன சரக்கை ஏற்றிக்கொண்டாய்?

ஜனவரியில் சூரியன் முழு வட்டமாய் எட்டிப் பார்த்த நாள்
கோட்டையில் பீரங்கி முழங்கினார்கள்.
பள்ளிக்கு விடுமுறை. ஜன்னல் அதிர்ந்தது.
பக்கத்து வீட்டு நாய் கட்டிலுக்கடியில் புகுந்தது.
நீ அசையவில்லை.
பத்து நிமிடம் கழித்து
ஒரு தேக்கரண்டியைத் தொட்டிக்குள் வைத்தேன்.
எழுந்துவிட்டாய்.

அந்த வாரம்தான் நோட்டில்
துண்டுகள் ஒன்றையொன்று தேடத் தொடங்கின.
பகலில் மெலிந்தன, இரவில் தடித்தன.
ஒரு நாள் ஐந்து மணி நேரம், ஒரே இழுப்பில்.
வெளிச்சம் உனக்குச் சொன்னதா,
நீதான் வெளிச்சத்துக்குச் சொன்னாயா என்று
குட்னியிடம் கேட்டேன்.
அவள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

ஜெயித்துவிட்டோம் என்று
அண்ணன் ஓட்மாருக்குப் போன் போட்டேன்.
மூன்று பிள்ளை வளர்த்தவன்.
ஒன்றும் சொல்லாமல் இருமினான்.

நான்காம் மாதம் எல்லாம் கவிழ்ந்தது.
மணிக்கொரு தரம் அழுகை.
பழைய தூக்கத்தைக் கழற்றிப் போட்டுவிட்டுப்
புதிதாய் ஒன்று தைக்கிறாள்,
பெரியவர்களுடையது போல
மேடும் பள்ளமும் உள்ளது,
என்றார் தாதி ஹெர்போர்க்.
தையல் நடந்தது எங்கள் தோலில்.

மே நடுவிலிருந்து சூரியன் படுக்கவே இல்லை.
மீன் சுற்றும் அலுமினியத் தாளை
ஜன்னல் முழுக்க ஒட்டினேன்.
எங்கோ ஓர் ஊசித்துளை.
நள்ளிரவில் அதன் வழியே வந்த வெயில்
சுவரில் ஒரு பொட்டாய் நகர்ந்தது.
நீ அதைப் பிடிக்கப் பார்த்தாய்.
நானும், ஒருமுறை.

எட்டாம் மாதம்
கட்டில் கம்பியைப் பிடித்து நிற்கக் கற்றாய்.
திரும்ப உட்காரக் கற்கவில்லை.
இரவு இரண்டு மணிக்கு நின்றபடி
கப்பல் தலைவியைப் போல எங்களை அழைத்தாய்.
கதவுக்கு அப்பால் போன பிறகும்
நான் எங்கேயோ இருக்கிறேன் என்று
இப்போது உனக்குத் தெரியும்.
கண்ணில் இல்லாததை நினைக்கத் தெரிந்துவிட்டால்
தூக்கம் வருவது கஷ்டம்.
எனக்கும் அப்படித்தான், சிக்னே.

நான்கு குட்டித் தூக்கம் மூன்றாகி, இரண்டாகி,
காலைத் தூக்கத்துக்கும்
கால் ஆடிக்கொண்டிருக்கிறது.

நவம்பர். சூரியன் மறுபடி போயாயிற்று.
ஏழு மணிக்குப் படுத்தாய்.
பன்னிரண்டு. இரண்டு. நான்கு.
நோட்டைத் திறந்து வைத்துக் காத்திருக்கிறேன்.
குறிக்க எதுவும் இல்லை.
வெளியே காற்று. திரையில்லாத இருட்டு.
எந்தக் கலமும் கரை தட்டவில்லை.

சமையலறைக்குப் போய்
ஒரு தேக்கரண்டியை எடுத்தேன்.
தொட்டிக்குள் வைத்தேன்,
கொஞ்சம் சத்தமாகத்தான்.