இருபத்தெட்டாம் நாள்

காவேரிப்பட்டணம் மாங்கூழ் ஆலையின் பின்வாசலில்
ஆனி முழுக்க ஈ மொய்த்த கொட்டைகள்.
லோடுக்கு இருநூறு கேட்ட முனிராஜ்
அள்ளிப்போக ஆள் வந்த சந்தோஷத்தில்
அதையும் மறந்துவிட்டான்.

சுட்டோம். சலித்தோம்.
நூறு பங்கு சிமெண்டில்
பத்தைக் கழித்து
அந்த இடத்தில் சாம்பல்.

பெயின்டில் தேதி எழுதிய கட்டிகள்
தொட்டித் தண்ணீரில் கிடந்தன,
எருமைக் கன்றுகள் மாதிரி.

இன்று எந்திரம் முனகுகிறது.
முள் ஏறுகிறது.
முந்நூறு கிலோநியூட்டன். நானூறு.
ஷாஹிதா கண்ணை மூடிக்கொண்டாள்.

நானூற்று எழுபதில் வெடித்தது.
நானூற்று ஐம்பதே போதும்.

யாரும் பார்க்காதபோது
உடைந்த சில்லை முகர்ந்தேன்.
வெறும் சிமெண்ட் வாசம்தான்.

ஆனாலும்
பர்கூர் பஸ்ஸில் ஊர் வரும்வரை
ஒரேயொரு ஈ
என் கைப்பையை விட்டு
நகரவேயில்லை.