எலும்பு இளகும் வரை

பாட்டிலில் வந்தது. பார்மலினில் மிதக்கவில்லை,
கிடந்தது.
பெருநெல்லி அளவு. ஒருபக்கம் மட்டும் முட்டிக்கொண்டு.
சீட்டில்: முப்பிடாதி, இருபத்தேழு, வீரவநல்லூர்.
வலது தாடை மூட்டு.
கீழே சர்ஜனின் கிறுக்கல்:
வளர்ச்சியா, கட்டியா?

எலும்பை யாரும் அவசரப்படுத்த முடியாது.
அமிலத்தில் போட்டால் சுண்ணாம்பு கரைய
நாலு நாளோ ஆறு நாளோ.
காலையில் ஓரத்தில் ஊசியால் குத்திப் பார்ப்பேன்,
இட்லி வெந்ததா என்று பார்ப்பதுபோல்.
(வீட்டில் இதைச் சொன்னதில்லை.)
நறநற என்றால் இன்னும் இல்லை.

ஆறுமுகநயினார் தினமும் கூப்பிடுவான்.
"அக்கா ரிசல்ட் வந்துட்டா அண்ணாச்சி?"
"எலும்பு இன்னும் இளகல தம்பி."
"சரி, நாளைக்கு அடிக்கேன்."

பைலில் நாலு போட்டோ:
ப்ளஸ் டூ ஹால்டிக்கெட், வாக்காளர் அட்டை,
பேங்க் பாஸ்புக், போன மாசம் எடுத்தது.
நாடி வருஷத்துக்குக் கொஞ்சமாக இடப்பக்கம் நகர்கிறது,
யாரோ கூப்பிட்டுத் திரும்பப் போகிறவள் மாதிரி.
அவள் முதலில் கவனித்தது முகத்தை அல்ல.
பிளவுஸுக்கு ஹெம்மிங் முடித்து நூலைக் கடித்தால்
அறுபடவில்லை.
"பல்லு ரெண்டும் ஒண்ணையொண்ணு தேடுது" என்றாளாம்.
சர்ஜன் அதை இங்கிலீஷில் எழுதியிருக்கிறார்,
அதில் பாதியைக் காணோம்.

ஆறாம் நாள் ஊசி சத்தமில்லாமல் இறங்கியது.
மெழுகு. கத்தி. ஐந்து மைக்ரான்.
வெந்நீரில் நாடா விரிந்தது.
நீலமும் ரோஸும் ஏற்றி லென்ஸுக்குக் கீழே வைத்தேன்.

மேலே நார்ப்படலம். அதனடியில்
இருபது வயசோடு தூங்கியிருக்க வேண்டிய செல்கள்,
கடைசி மணி அடித்தும் கிளம்பாத பிள்ளைகள்.
இன்னும் கீழே, ரோஸ் எலும்புக்குள்
நீலக் குருத்துத் திட்டுகள்,
குறுக்குத்துறையில் வெள்ளம் வடிகையில் தலைகாட்டுமே, அதுபோல.
கோணல் உட்கரு தேடினேன்.
தேடினேன்.
இல்லை.
வெறும் வளர்ச்சி. நிறுத்தச் சொல்ல ஆளில்லாத வளர்ச்சி.

கையெழுத்துப் போட வேண்டிய டாக்டர் தூத்துக்குடியில்.
திங்கட்கிழமை வருவார்.
அதுவரை நான் பார்த்தது பார்த்ததில்லை.
பத்தொன்பது வருஷமாக மீறாத விதி.

மதியம் போன்.
"அண்ணாச்சி..."
ஹைகிரவுண்ட் ரோட்டில் ஒரு ஆம்புலன்ஸ்
போய் முடியட்டும் என்று இருந்தேன்.
"ரிப்போர்ட் திங்கக்கிழமைதான் தம்பி.
என் சட்டைல ஒரு பித்தான் போயிட்டு.
உங்க அக்கா பித்தான் வைக்க எவ்வளவு வாங்குவாக?"

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
"அதுக்கெல்லாம் துட்டு வாங்க மாட்டா" என்றான்.
குரல் தடித்திருந்தது.

மிச்சத் துண்டை பாட்டிலில் போட்டு மூடினேன்.
லேபிளில் ஊர்ப்பெயரில் ஒரு 'வ' விட்டுப்போயிருந்தது.
சேர்த்தேன்.