நான்கு மில்லி

குய்யாங்கில் மூன்று நாள் சேர்ந்தாற்போல் வெயிலடித்தால்
ஊரின் மெத்தைகளெல்லாம் மாடிக்கு ஏறிவிடும்.
இது நான்காவது வாரம் மழை.
ஆய்வுக்கூடத்தின் மூன்றாம் தளத்தில்
மீன்களுக்கு மட்டும் பகல் தவறுவதில்லை.
எட்டு மணிக்கு விளக்கு எரியும், இரவு பத்துக்கு அணையும்.

பிறந்து ஒன்பது நாளான குஞ்சுகள்.
கண் இரண்டைத் தவிர
மீதியெல்லாம் கண்ணாடி.
அவற்றில் சிலவற்றின் தண்ணீரில் பிரெட்னிசலோன் இருக்கிறது.
காலையில் கஞ்சி குடித்துவிட்டு
நான் விழுங்குவதும் அதைத்தான்.
பதினோரு வருடமாக.
என் உடம்பு என்னையே பகையாளி என்று அடிக்கத் தொடங்கியபோது
நடுவில் புகுந்து விலக்கிவிட்ட மாத்திரை.
விலக்கிய கூலிக்கு எலும்பைக் கேட்டது,
கொஞ்சம் கொஞ்சமாக, ரசீது இல்லாமல்.

'நிலா முகம்' என்று சீட்டில் எழுதினார் மருத்துவர்.
யாரும் நாணிக்கொள்ள வேண்டாம்,
பக்கவிளைவுக்கு அப்படி ஒரு பெயர்.
போன மாதம் ஈரத்துணி பிழிந்தேன்.
மணிக்கட்டில் ஒரு சத்தம்,
அடுப்புக்கு ஒடிக்கும் சுள்ளியின் சத்தம்.

லெய்ஷான் மலையிலிருந்து மூட்டை கொண்டுவருபவள்
பான் லாவ்யிங்.
இதயம்போல் இலை, ஓரமெல்லாம் முள்.
ஆடு மேய்த்தவர்கள் பெயர் வைத்த செடி.
ஏன் அந்தப் பெயர் என்று கேட்டால்
வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.
எடை பார்த்து, காசை இருமுறை எண்ணிவிட்டு,
"கையில் என்ன கட்டு?" என்றாள்.
விழுந்துவிட்டேன் என்றேன்.
ஒரு மூட்டை இலை
ஊறி, வடிந்து, பிரிந்து, உலர்ந்து
நகக்கண் அளவு மஞ்சள் பொடியாகிறது.

பழுப்புப் புட்டிகள் மூன்று: ஏ, பி, சி.
எதில் எது என்பது
பூட்டிய இழுப்பறைக்கும் வெய் ஷியாவ்தாங்குக்கும் மட்டும் தெரியும்.
கடைசி நாள், குஞ்சுகளை மீளாத உறக்கத்தில் ஆழ்த்தி
சிவப்பேற்றினேன்.
முன்பெல்லாம் மஞ்சிட்டி வேரைக் காய்ச்சி எடுத்த சிவப்பு,
இப்போது ஆலையிலிருந்து அட்டைப்பெட்டியில் வருகிறது.
சுண்ணாம்பு சேர்ந்த இடத்தில் மட்டுமே உட்காரும்.
ஏ: மண்டையோரம் வெளிறிய ஒரு கீற்று.
சி: இருக்கிறதா இல்லையா என்று
குனிந்து பார்க்க வேண்டிய சிவப்பு.
பி:
முதுகு நெடுக, கணுக்கணுவாக,
மாதுளை முத்துகளைக் கோத்துவைத்தாற்போல்.

வெள்ளிக்கிழமை.
எல்லோரும் குடை விரித்துப் போன பிறகு
பி புட்டியிலிருந்து நான்கு மில்லி உறிஞ்சி
என் தேநீரில் விட்டேன்.
நிறமில்லை, மணமில்லை.
கூடவே துளி பிரெட்னிசலோன் இருந்தால்தான் என்ன,
பதினோரு வருடக் கடலில் அது எம்மாத்திரம்.

சனி ஞாயிறு முதுகு லேசாக இருந்தது.
சத்தியமாக இருந்தது.
நாலு மாடி ஏறினேன்,
கைப்பிடியைத் தொடாமல்.

திங்களன்று இழுப்பறை திறந்தது.
ஷியாவ்தாங் பாடம் ஒப்பிப்பதுபோல் வாசித்தாள்.
ஏ, மருந்து மட்டும்.
பி, வெறும் நீர்.
சி, மருந்தும் இலைச்சத்தும்.

வெறும் நீர்.
யாரும் எதையும் எடுக்காத மீன்கள்.
அதனால்தான் அந்த மாதுளை.

முனைவர் டான் சி-யின் படத்தைப்
பெரிதாக்கினார், இன்னும் பெரிதாக்கினார்.
"மீன் மனிதனில்லை" என்றார்,
யாரும் எதுவும் கேட்காமலே.
ஆனாலும் அவர் தேநீர் ஆடை படியும்வரை
நாற்காலியை விட்டு எழவில்லை.
நானும் பின்னால் நின்று பார்த்தேன்.
அன்று நான் தாண்டிப்போன மங்கல்.
தினமும் சுரண்டும் கை சுரண்டிக்கொண்டே இருக்க
எப்படியோ பிடித்துவைத்துக்கொண்ட
ஏழெட்டுக் கணுக்கள்.

பதிவேட்டில் பி-க்கு நான்கு மில்லி குறைகிறது.
'சிந்தியது' என்று எழுதி
இடக்கையால் கோணலாகக் கையெழுத்திட்டேன்.
எங்கே என்று யாரும் கேட்கவில்லை.

வெளியே அதே மழை.
படியிறங்கும்போது
கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன்.