பத்தோடு பதினொன்று

உறைமேல் பத்து என்றுதான் அச்சிட்டிருந்தது.
மேசையில் கொட்டி எண்ணினால் பதினொன்று.

க்ரிம்ஸ்பி மருத்துவமனையில் இரவுப் பணி எனக்கு.
விடிந்து வீடு வந்தால்
காலுறையைக் கழற்றுமுன் தபால் உறையைக் கிழிப்பேன்.
பூனை ஒருமுறை முகர்ந்துவிட்டுப் போய்விடும்.
ஈயத்தில் அதற்கு என்ன இருக்கிறது.

பத்துப் பேரும் தெரிந்தவர்கள்தாம்:
அகலத் தொப்பி ஆய்வாளர்,
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிய விமானி, பெண்,
ஒற்றைக்கண் கர்னல்,
குடையோடு ஒரு பேராசிரியர்,
கோயில் காவலர் அறுவர்,
அச்சுத் தேய்ந்து அறுவருக்கும் மூக்கு மழுங்கியிருந்தது.

பதினொன்றாமவன் சுமைதூக்கி.
தலையில் பெட்டி.
ஒரு கை பெட்டியில், மறு கை சும்மா.
பட்டியலில் அவன் இல்லை.
வார்த்தவர் கைதவறிப் போட்டிருப்பார்.

எங்கள் பொம்மைகளுக்கு உயரம் இருபத்தெட்டு மில்லிமீட்டர்.
உள்ளங்காலில் தொடங்கிக் கண்ணோடு முடியும் அளவு அது.
கண்ணுக்கு மேல் இருப்பது கணக்கில் வராது.
அவன் சுமப்பது முழுக்க
கண்ணுக்கு மேலே.

வெள்ளைத் தோலுக்கு என்னிடம் ஒன்பது புட்டிகள்.
மற்ற உலகம் முழுமைக்கும் ஒன்று,
அதுவும் அடியில் உறைந்து கிடந்தது.
பழுப்பில் கொஞ்சம் சிவப்பு, ஒரு சொட்டு நீலம்,
ஏழு முறை கலக்கி ஏழு முறை துடைத்தேன்.
எட்டாவதில் தோள்பட்டை திடீரென்று வியர்த்தது.
ஆய்வாளருக்கு இருபது நிமிடம்.
இவனுக்கு மூன்று காலைகள்.

வியாழன் மாலை, பணிக்குப் போகுமுன்,
தேவாலயக் கூடத்தில் காடு வளர்த்தோம்.
மீன்தொட்டிச் செடிகள், நீலத்துணி ஆறு,
தொலைக்காட்சி வந்த தெர்மோகோலில் குடைந்த கோயில்.
லெனாக்ஸ் பேருந்து ஓட்டுபவர், முதலைகள் அவருடையவை.
ஆஸ்மண்ட் வரலாற்றுக்காரர்;
ஒரு படைப்பிரிவின் பொத்தான் நிறம் தப்பினால்
அன்றிரவு தூங்கமாட்டார்.
குனிந்து பார்த்தார்.
'இந்தப் பெட்டியைக் கட்டிய கயிறு எந்த வருடத்தது?'

விதி சொல்கிறது:
சுமைதூக்கிக்கு உயிர் ஒன்று.
வெடிச்சத்தம் கேட்டால்
ஆறு விழுந்தாலன்றி ஓடிவிடுவான்.

வெடித்தது. ஆறு.
மறுபடி. ஆறு.
பேராசிரியரை முதலை கொண்டுபோனது, குடை மட்டும் மிஞ்சியது.
கர்னல் பாலத்தோடு விழுந்தார்.
விமானியும் ஆய்வாளரும்
ஒருவரை ஒருவர் சந்தேகித்தே செத்தார்கள்.
மூன்றாவது ஆறு விழுந்தபோது
லெனாக்ஸ் பகடையை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

பொற்சிலைக்கு முன்னால் அவன் மட்டும்.
'எடு, எடு' என்று லெனாக்ஸ் கத்தினார்,
'ஒரு கை சும்மாதானே இருக்கிறது!'
ஆஸ்மண்ட் பக்கம் புரட்டினார்:
சிலைக்கு இரண்டு கை வேண்டும்.
பெட்டியை இறக்கினால் எடுக்கலாம்.

இறக்க முடியாது.
தலையும் பெட்டியும் ஒரே வார்ப்பு.
ஒரு சில்லு வைத்து இறக்கியதாகப் பாவிக்கலாம்,
விதியில் இடமுண்டு, இருவரும் சம்மதித்தார்கள்.
நான் அவனைத் திருப்பினேன்.
ஒரு முறைக்கு ஆறு அங்குலம்,
வந்த வழியே,
ஆற்றைக் கடந்து, குடையைக் கடந்து,
மேசை விளிம்பைத் தாண்டி,
தேநீர்ப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் போய் நின்றான்.

'யார் ஜெயித்தது?' என்றார் லெனாக்ஸ்.
'அவனுக்குக் கூலி பெட்டிக்கு மட்டும்தான்' என்றேன்.
'பெட்டியில் என்ன?'
'ஈயம்.'

நள்ளிரவு தாண்டி, ஒன்பதாம் படுக்கைக்காரரை
இடப்பக்கம் புரட்டிப் படுக்கவைக்கும்போது
சட்டென்று நினைவு வந்தது:
மற்றவர்களைப் பஞ்சுத் தட்டில் அடுக்கி எடுத்து வந்தேன்,
அவனை எடுக்கவில்லை.

கூடத்துச் சாவி ஆஸ்மண்டிடம்.
கூச்சத்தோடுதான் அழைத்தேன்.
'பத்தோடு பதினொன்று, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்'
என்று அவர் சொல்லியிருக்கலாம்.
இரண்டு மணிக்குச் செய்தி வந்தது,
வீட்டுச் செருப்போடு போனாராம், வெளியே மழையாம்.

'இருக்கிறான். பெட்டியும் இருக்கிறது.
கயிறு சரியான கயிறுதான்.'